பந்தியில் காத்திருப்பவர் யார்?

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் ஒரு முரண் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே அந்தச் சபையாரின் சொல்வன்மையையும் அறிவையும் மெச்சுகிறார். எந்த வரத்திலும் அவர்களுக்குக் குறைவில்லை என்கிறார் (1:5-7). அந்நியபாஷை பேசுவோர், தீர்க்கதரிசனம் சொல்வோர், நோய் தீர்ப்போர் என்று எல்லாரும் அங்கே உண்டு. இரண்டு அதிகாரம் தள்ளி அதே ஆட்களைப் பச்சைக் குழந்தைகள் என்கிறார். பாலைத்தான் ஊட்ட முடிந்தது, இன்னமும் கெட்டியான ஆகாரம் தாங்காது என்று சலித்துக்கொள்கிறார் (3:1-3). காரணமாக அவர் காட்டுவது அவர்களுக்குள் இருந்த பொறாமையையும் கட்சி பேதத்தையும். ஆவிக்குரிய முதிர்ச்சி என்றதும் நம் பிரசங்கங்களும் தியானப் புத்தகங்களும் முதலில் கேட்பது எவ்வளவு ஜெபிக்கிறாய், எத்தனை முறை வேதம் வாசித்து முடித்தாய், என்ன வரம் பெற்றாய் என்பதைத்தான். அந்தத் தேர்வில் கொரிந்தியர் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். பவுல் அவர்களைத் தேர்ச்சி பெற்றவர்களாக எண்ணவில்லை என்றால், அவர் கையில் இருந்த அளவுகோல் வேறு என்றாகிறது. அது அந்த நிருபத்தில் சாப்பாட்டுப் பேச்சு வரும் இடங்களில்தான் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது என்பதும், பிறருடைய பலவீனத்துக்கான விலையை யார் கொடுக்கிறார் என்ற கேள்வியே அந்த அளவுகோல் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கொரிந்து பழைய பேர் தாங்கிய புது ஊர். கி.மு. 146-ல் ரோமத் தளபதி மும்மியுஸ் அதை அழித்தான். ஒரு நூற்றாண்டுக்குப் பின், கி.மு. 44-ல், ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவினார். குடியேறியவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள் என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். கிழக்கே கெங்கிரேயா, வடக்கே லெகாயோன் என்று இரண்டு துறைமுகங்கள். இரண்டிலும் காசு புரண்டது. பரம்பரைப் பெருமை இல்லாத ஊரில் பெருமையைச் சம்பாதித்தாக வேண்டும். அதற்கு ஆகும் வழிகள் செல்வம், நாவன்மை, செல்வாக்குள்ளவரின் தயவு. பவுல் அங்கே போன காலத்தை ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அப்போஸ்தலர் 18-ல் வரும் கல்லியோன் என்ற அதிபதியின் பேர் டெல்பியில் கிடைத்த கல்வெட்டொன்றில் இருப்பதால், அவனுடைய பதவிக்காலம் கி.பி. 51-52 ஐ ஒட்டியது என்று தெரிகிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், எபேசுவில் இருந்துகொண்டு இந்த நிருபத்தை எழுதுகிறார். சபையில் ஞானிகளும் வல்லவர்களும் உயர்குலத்தாரும் அதிகம் பேர் இல்லை என்பது அவருடைய கணிப்பு (1:26). அதிகம் பேர் இல்லை என்றால் சிலர் இருந்தார்கள் என்றுதான் அர்த்தம். சபை முழுவதையும் தன் வீட்டில் ஏற்ற காயு, நகரத்தின் பொருளாளரான ஏரஸ்து ஆகிய இருவரையும் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில் பார்க்கிறோம் (16:23).

ஆண்டவரின் பந்தி அந்தக் காலத்தில் ஒரு துண்டு அப்பமும் ஒரு வாய்த் திராட்சரசமும் அல்ல. வயிறு நிறையச் சாப்பிடும் விருந்தோடு சேர்ந்தது. அந்த விருந்தில் நடந்ததைப் பவுல் நாலே வரியில் சொல்லிவிடுகிறார்: அவரவர் தன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறார்கள், ஒருவன் பசியோடிருக்க இன்னொருவன் வெறித்திருக்கிறான், இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நிற்கிறார்கள் (11:20-22). ரோம விருந்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் இளைய பிளினி எழுதிய கடிதமொன்றில் இப்படி ஒரு விருந்து வருகிறது. வீட்டுக்காரர் தனக்கும் நெருங்கிய சிலருக்கும் உயர்ந்த பண்டங்களை வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு மலிவானதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறுகிறார். திராட்சரசத்தையும் சிறு குடுவைகளில் மூன்று தரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்: முதல்தரம் தமக்கும் தம்மையொத்தவர்க்கும், இரண்டாவது தாழ்ந்த நண்பர்களுக்கு, மூன்றாவது விடுதலை பெற்ற அடிமைகளுக்கு. எதைக் குடிப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமைகூட விருந்தினருக்கு இல்லை. தன் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான் என்று பிளினி சொல்கிறார். அதனால் செலவு கூடாதா என்று கேட்டவரிடம், அவர்கள் குடிப்பதையே நானும் குடித்துவிடுகிறேன் என்ற தோரணையில் பதில் சொல்கிறார்.

1970-களில் கெர்ட் தைசன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்தச் சான்றுகளைக் கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தோடு வைத்துப் படித்தார். அங்கே நடந்த சண்டைக்கு வேர் கோட்பாட்டில் இல்லை, வசதியுள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே இருந்த இடைவெளியில்தான் என்றார். ஜெரோம் மர்ஃபி-ஓ'கானர் இன்னும் ஒரு படி போய், கொரிந்துக்கு அருகே அனாப்ளோகாவில் தோண்டியெடுத்த மாளிகையின் விருந்தறையை அளந்து பார்த்தார்: ஏறக்குறைய ஐந்தரை மீட்டருக்கு ஏழரை மீட்டர். சாய்ந்து உண்ணும் இருக்கைகளைப் போட்டால் பத்துப்பேருக்குள்தான் அங்கே அடங்குவார்கள். மீதிப்பேர் முற்றத்தில்தான் இருக்க வேண்டும். உள்ளே வீட்டுக்காரரின் சகாக்கள், வெளியே வேலை முடிந்து பிந்தி வந்த கூலிகளும் அடிமைகளும் என்று அவர் கற்பனை செய்தார். கற்பனை என்றுதான் சொல்ல வேண்டும். டேவிட் ஹொரெல் போன்றவர்கள், சபை மாளிகையில்தான் கூடியது என்பதற்கு ஆதாரம் ஏது, கடைகளுக்கு மேலேயிருந்த சிறு மாடியறைகளும் அதற்குப் போதுமே என்று கேட்டார்கள். பவுலின் சபைகளில் வசதியானவர்களே கிடையாது, எல்லாரும் அன்றாடங்காய்ச்சிகள் என்று ஜஸ்டின் மெகிட் 1998-ல் வாதிட்டார். கட்டடத்தைப் பற்றிய ஐயம் நியாயமானது. ஆனால் மெகிட் சொல்வதை முழுக்க ஏற்றாலும் பவுலின் வரிகள் அப்படியே நிற்கின்றன: சாப்பிட வீடு உள்ளவர்களையும் ஒன்றுமில்லாதவர்களையும் அவரே பிரித்துப் பேசுகிறார். ஏழைகளுக்குள்ளும் முந்திச் சாப்பிடக்கூடியவனும் பிந்தி வருகிறவனும் உண்டு என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இந்தச் சிக்கலுக்குப் பவுல் சொல்லும் தீர்வு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் (11:33). காத்திருக்கும்படி யாரிடம் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். பசித்தவனிடம் சொல்லவில்லை, அவன் ஏற்கனவே காத்திருந்து காய்ந்தவன். முந்திச் சாப்பிட முடிந்தவனிடம் சொல்கிறார். எட்டாம் அதிகாரத்தில் விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிப் பேசும்போதும் சுமை அதே தோளில்தான் விழுகிறது. விக்கிரகம் வெறும் கல், ஆகவே இறைச்சியைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது அறிவுள்ளவர்களின் வாதம். இறையியல்படி அது சரி என்பதைப் பவுலும் ஒத்துக்கொள்கிறார். தைசன் இங்கே இன்னொன்றைக் கவனித்தார்: வசதியுள்ளவன் வீட்டு விருந்துகளில் இறைச்சி சாதாரணம், ஏழைக்கோ அது பெரும்பாலும் கோயில் திருவிழாப் பொதுப்பந்தியில்தான் கிடைத்தது. அதனால் அவனுடைய மனதில் இறைச்சியும் வழிபாடும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்டவன் இடறுவானானால் நான் இனி இறைச்சியையே தொடமாட்டேன் என்கிறார் பவுல் (8:13). அவர் கொள்கையால் சரியானவர். இருந்தும் விட்டுக்கொடுப்பது அவர்தான். பதின்மூன்றாம் அதிகாரத்தில் குழந்தைப் பேச்சு திரும்பவும் வருகிறது. ஆளானபின் குழந்தைக்குரியதை விட்டுவிட்டேன் என்று அவர் சொல்லும் இடம், வரங்கள் எல்லாம் ஓய்ந்தாலும் அன்பு ஓயாது என்ற வாதத்தின் நடுவில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகளில் அச்சாகி அச்சாகிக் கனிந்துபோன அந்த அதிகாரம் உண்மையில் ஒரு பந்திச் சண்டைக்குப் பின் எழுதிய கண்டிப்பு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இப்படிப் படித்தால் ஆவிக்குரிய முதிர்ச்சி வெறும் சமூக ஒழுக்கமாகச் சுருங்கிவிடாதா, ஜெபத்துக்கும் தியானத்துக்கும் உள்ளான மனிதனுக்கும் இடம் எங்கே என்று ஒருவர் கேட்கலாம். இந்த ஆட்சேபணையை லேசாகத் தள்ளிவிட முடியாது; கிறிஸ்தவ மரபின் பெரும்பகுதி முதிர்ச்சியை உள்ளத்தின் ஏணியாகத்தான் வரைந்திருக்கிறது. ஆனால் அந்த மரபே இந்தக் கேள்விக்குத் தந்த பதில்களைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் வாலன்டினியர் என்ற குழுவினர் மனிதர்களை மூன்று இனமாகப் பிரித்தார்கள் என்று இரேனேயு எழுதுகிறார்: ஆவிக்குரியவர், ஆன்ம இயல்பினர், மண்ணுக்குரியவர். சாதாரண சபை விசுவாசிகள் நடுத்தரம், தாங்களே முதல்தரம். பிளினியின் கடிதத்தில் வரும் வீட்டுக்காரர் வைத்திருந்த மூன்று தரக் குடுவைகள் இங்கே ஆன்மாவுக்குள்ளேயே வந்துவிட்டன. அறிவை மிகவும் போற்றிய அலெக்சந்திரியா கிளெமென்ட்கூட இதற்கு இசையவில்லை. ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் தேவனுக்குமுன் பிள்ளைகள்தான், குழந்தை என்ற பேரைச் சொல்லிச் சிலரைக் கீழே தள்ளக்கூடாது என்று தம் நூலில் விரிவாக வாதிட்டார்.

எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் போனால் இன்னும் கூர்மையான சாட்சி கிடைக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜான் காசியன் எழுதிய உரையாடல்களில், அப்பா மோசே என்ற முதியவர் ஏரோன் என்ற துறவியின் கதையைச் சொல்கிறார். ஐம்பது ஆண்டுகள் வனாந்தரத்தில் இருந்தவர். யாரையும்விடக் கடுமையான உபவாசம், யாரையும்விட ஆழ்ந்த தனிமை. ஈஸ்டர் நாளில் சகோதரர்கள் எல்லாரும் கூடிச் சாப்பிடும்போதும் அவர் வரமாட்டார். கொஞ்சம் பருப்பைச் சாப்பிட்டால்கூடத் தம் விரதம் தளர்ந்ததாகத் தோன்றுமோ என்ற பயம். கடைசியில், ஒளியின் தூதன் என்று அவர் நம்பிய ஒருவனின் பேச்சைக் கேட்டு, தம் புண்ணியத்தால் ஆபத்து ஒன்றும் வராது என்று நள்ளிரவில் ஆழ்கிணற்றில் குதித்தார். சகோதரர்கள் குற்றுயிராகத் தூக்கினார்கள். மூன்றாம் நாள் இறந்தார். சாகும்போதும் தாம் ஏமாந்ததை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மோசே இந்தக் கதையைச் சொல்வது நிதானம் இல்லாத தவத்தின் ஆபத்தைக் காட்ட. அந்த நிதானம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், தன் யோசனைகளைப் பெரியவர்களின் தீர்ப்புக்கு விடுவதிலிருந்து என்பதே அவருடைய பதில். ஏரோனின் விழுகையைக் கிணற்றடியில் தேடாமல் ஈஸ்டர் பந்தியில் காலியாக இருந்த இடத்தில் தேடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளான ஜெபத்தைப் பற்றி எவரையும்விட நுணுக்கமாக எழுதிய அவிலாவின் தெரேசாவும் 1577-ல் எழுதிய உள்ளக் கோட்டை நூலின் ஏழாம் மாளிகையில், ஐக்கியத்தின் உச்சத்தில், ஜெபத்தின் பயன் கிரியைகளே என்று வந்து நிற்கிறார். ஆக உள்ளான வாழ்வும் பந்தியும் எதிரெதிர் அல்ல. பந்தி உள்ளான வாழ்வைச் சோதிக்கும் இடம். திருவிருந்துக்குமுன் தன்னைத்தானே சோதித்தறிய வேண்டும் என்ற கட்டளையும் (11:28) இந்தப் பந்திச் சண்டையின் நடுவில்தான் வருகிறது. ஆயத்த ஆராதனைகளில் நாம் அதை அவரவர் அந்தரங்கப் பாவங்களின் கணக்கெடுப்பாக மாற்றிவிட்டோம். பக்கத்தில் பசியோடு நிற்பவனைப் பார்த்தாயா என்பதுதான் அந்த இடத்தில் இருக்கும் கேள்வி.

பவுலின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பசியெடுத்தால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வா என்றும் அவர் எழுதுகிறார் (11:34). வீட்டில் என்ன சாப்பாடு, யார் சமைத்தது, சமைத்தவன் அடிமையா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவிட்டு அன்பால் அதை மென்மையாக்கும் இந்தப் போக்கைத் தைசன் அன்பு கலந்த தந்தையாதிக்கம் என்றார். அந்த விமர்சனம் சரியே. இருந்தாலும் பவுல் தொட்ட இடத்திலாவது திசை மாறாமல் இருக்கிறது: கூடிய சபையின் நடுவில் இல்லாதவனை வெட்கப்படுத்தும் உரிமை யாருக்கும் கிடையாது.

இன்னும் வலுவான ஆட்சேபணை காலத்தைப் பற்றியது. முதிர்ச்சி ஒரே நாளில் வராது. பால் குடிக்கும் பருவத்தைத் தாண்ட நாளாகும். ஆகவே பலவீனமான மனச்சாட்சிகளைப் பொறுத்துக்கொள்வதுதானே பவுலின் போதனை? இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் ஏட்டளவில் நிற்கவில்லை. சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து புராட்டஸ்டன்ட் சபைகளில் சாதி ஒரு தீராத சிக்கல். உயர்சாதியாரும் பறையரும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். திருவிருந்துக்கும் முன்பின் வரிசை இருந்தது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி பேதம் உடனே, முழுக்க ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலருக்கு லைப்சிக் மிஷன் பின்னாளில் இடம் கொடுத்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் சாதாரண ஆள் அல்ல. தமிழ் கற்றுத் திருக்குறளை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தவர். சாதி ஒரு சமூக ஏற்பாடு, சுவிசேஷத்தின் செல்வாக்கில் அது மெல்ல மெல்லத்தான் கரையும், பலவந்தமாக முறிக்கக்கூடாது என்பது அவர் நிலை. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. பொறுமை என்ற நல்ல குணத்தின் பேரில் சொன்னது.

அந்தப் பொறுமையின் செலவு யார் கணக்கில் விழுந்தது என்று கேட்டால் விடை வேறாகிறது. உயர்சாதியானின் கூச்சத்தைப் பலவீனமான மனச்சாட்சி என்று கொண்டு, அது தேறும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும் என்றால், காத்திருப்பவன் வெட்கப்பட்டு நிற்கும் ஒன்றுமில்லாதவன். கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தின் பலவீனனிடம் யாரையும் அவமானப்படுத்தும் சக்தி இல்லை. தன் சகோதரனோடு உட்கார மறுப்பவனிடம் அந்தச் சக்தி நிறையவே இருக்கிறது. பவுலுக்கே இப்படியொரு சந்தர்ப்பம் வாய்த்தது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து கட்டுப்பெட்டிகள் சிலர் வந்ததும் மெதுவாக விலகிக்கொண்டார். வந்தவர்களின் மனச்சாட்சியை மதித்தேன் என்று பேதுரு சொல்லியிருக்கலாம். பவுல் அவரை எல்லார்முன்பாகவும் முகத்துக்கு நேரே கண்டித்தார் (கலாத்தியர் 2:11-14). பலவீனருக்காக விட்டுக்கொடு என்ற அதே மனிதர் இங்கே விட்டுக்கொடுத்ததையே கண்டிக்கிறார். இரண்டையும் இணைக்கும் நூல் ஒன்றுதான்: பேதுரு விட்டுக்கொடுத்தது தன் உரிமையை அல்ல, புறஜாதியாரின் இடத்தை.

பொறுத்திருந்தால் தானாகக் கனியும் என்ற நம்பிக்கைக்கு வரலாற்றில் போதிய அவகாசம் கிடைத்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில் 1872-ல் கட்டப்பட்டபோது, வெள்ளாளருக்கு ஒரு பக்கமும் நாடார் முதலானோருக்கு ஒரு பக்கமுமாக இரண்டு கூடங்கள் பீடத்தில் வந்து சேரும்படி அமைத்தார்கள். சண்டையைத் தணிக்க வந்த இந்த ஏற்பாடு பேதத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் கொடுத்தது. பிரித்த சுவர் 1910-ல் இடிக்கப்பட்டபோது வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள். 1917-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுடைய கோரிக்கையை நிராகரித்தது. ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருந்தும், சுவர் போன பிறகுதான் இணைந்து நிற்பது என்ற பேச்சே ஆரம்பமானது.

ஆனால் சாதியை உடைக்க வந்தவர்களை முதிர்ந்தவர்கள் என்று கொண்டாடிவிட்டும் போக முடியாது. இன்றும் சபைகளில் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1829-ல் புதிய மிஷனரிகள் மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் சாதிகளைக் கலக்கக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்பதும் ஒன்று. கூடவே வேதமொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், பூக்களைத் தடுக்கிறார்கள், பாட்டையும் இசையையும் ஒடுக்குகிறார்கள் என்றும் சொன்னார். முதலாவதில் அவர் தவறு என்பதே என் முடிவு. மற்ற மூன்றிலும் அவர் பேசியது, தன் வீட்டுக்குள் அந்நியன் வந்து எல்லாவற்றையும் மாற்றி வைப்பதைப் பார்க்கும் மனிதனின் நியாயம். மிஷனரிகளில் பலர் பந்தியைப் பிறருக்குப் பரீட்சையாக வைத்தார்கள்; அமெரிக்க மதுரை மிஷன் 1840-களில் உபதேசியார்களுக்கு அப்படியொரு அன்பின் விருந்தையே சோதனையாக வைத்தது. அந்தப் பரீட்சையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு.

அதைச் சொல்ல ஒரு தமிழர் வர வேண்டியிருந்தது. வடக்கன்குளத்துச் சுவர் விழுந்த அதே 1910-ல், எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா எழுந்து பேசினார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளில் தோர்ணக்கல்லின் பேராயராக, ஆங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயராக ஆகப்போகிறவர். மிஷனரிகள் இந்திய ஊழியர்களோடு சமமாகப் பழகுவதில்லை, நட்பு கொள்வதில்லை என்பது அவருடைய பேச்சின் சாரம். அவர் கையிலெடுத்த வேதப்பகுதி கொரிந்தியர் பதின்மூன்று. உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது அன்பு, நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் முடித்தார். மண்டபத்தில் இருந்த பலருக்கு அது நன்றிகெட்ட பேச்சாகப் பட்டது. அவர்கள் அந்த அதிகாரத்தை இந்தியர்களுக்குப் பிரசங்கித்தவர்கள். அதே அதிகாரம் தங்கள் சாப்பாட்டு மேஜையை நோக்கித் திரும்பும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.